செவலை காலைத் தூக்கிய நாள்

பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளை மிரட்ட ஒரே ஒரு வாக்கியம் போதும்: படிக்காவிட்டால் ஆடு மேய்க்கத்தான் போவாய். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்த வாக்கியத்தை அவர் எனக்குத் தினமும் இரண்டு வேளை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்வந்த பிறகு ஒரே வேளை. அவர் மனம் கோணக்கூடாதென்று நான் ஒழுங்காகப் படித்தேன். படித்து முடித்துவிட்டு ஆடு மேய்க்கப் போனேன். அவர் வாக்கு பலித்ததா, பொய்த்ததா என்று எங்கள் வீட்டில் கடைசிவரைக்கும் முடிவாகவில்லை.

உள்ளபடி சொன்னால் நான் மேய்த்தேன் என்பதே கொஞ்சம் மிகை. எனக்கு ராதாபுரத்துப் பக்கம் பெண் கொடுத்தார்கள். பெண்ணோடு ஒரு மச்சான் வந்தார், மச்சானோடு இருநூறு செம்மறி வந்தன, செம்மறிகளோடு ஒரு செவலை நாயும் வந்தது. ஆடுகளைப் பார்ப்பது மச்சான், ஆட்களைப் பார்ப்பது நான் என்று பிரித்துக்கொண்டோம். மச்சான் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். மிச்சப் பேச்செல்லாம் என் பங்கு.

பிசான நெல் அறுத்து முடிந்ததும் பங்குனியில் நாங்கள் ராதாபுரத்துப் பனங்காட்டை விட்டு வடக்கே நடப்போம். தாமிரபரணிக் கரை வயல்களில் கிடை போடுவோம். கிடை என்றால், வெறும் வயலில் மூங்கில் படலை வளைத்துக் கட்டி, ராத்திரிக்கு ஆடுகளை அதற்குள் அடைப்பது. ஆடுகள் படுத்தெழுந்த வயலுக்கு அந்த வருஷம் வேறு எரு வேண்டாம். இன்று இவர் வயல், நாளை அவர் வயல் என்று கிடை நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து கார் நெல் விதைக்கத் தொடங்குமுன் ஊர் திரும்பிவிட வேண்டும். எந்த வயலில் எத்தனை ராத்திரி என்று வயல்காரர்களிடம் பேசி முடிப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன். ஒரு வயலுக்கு இரண்டு பேரிடம் சரி சொல்லிவிட்டு இரண்டு பேரையும் சிரிக்கவைத்து அனுப்புவேன்.

ராத்திரியில் கிடையைக் காப்பது செவலை. படலுக்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் அது படுக்கும். நரி ஊளையிட்டால் எழுந்து கிடையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து படுக்கும். ஆடுகள் கலைந்தால் ஓடிப்போய் மடக்கும். கடித்து மடக்காது, முன்னால் போய் நின்றே மடக்கும். இருநூறு ஆட்டுக்கு ஒரு நாயும் ஒரு மச்சானும்தான் காவல். மூன்றாவதாக நானும் உண்டு. ஆனால் நரிகளுக்கு அது தெரியாது.

சேரன்மகாதேவி வழியாகக் கொல்லத்துக்கு ரயில் விட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பத்தமடைக்கு வடக்கே ஒரு வயலில் கிடை போட்டிருந்தோம். சித்திரை மாதம். விடிந்து ஆடுகளைத் திறந்துவிடும்போது செவலை எழுந்து வந்தது. வலது பின்னங்காலைத் தரையில் வைக்காமல் மூன்று காலில் வந்தது.

மச்சான் குந்தி உட்கார்ந்து, அது நடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் கூப்பிட்டார். போகச் சொன்னார். மறுபடி கூப்பிட்டார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தூக்குது, இழுக்கல. பொழுது சாய வந்து பாக்கேன். அப்பவும் இப்படித்தான்னா இடுப்புல ஒரு சூடு போட்டிருவோம்."

இவ்வளவுதான். ஆடுகளைப் பத்திக்கொண்டு கிழக்கே போய்விட்டார்.

எங்கள் பனங்காட்டுப் பக்கம் நொண்டிக்கு ஒரே மருந்துதான், சூடு. மாடு நொண்டினாலும் சூடு, ஆடு நொண்டினாலும் சூடு, மனிதன் முதுகு பிடித்தாலும் சூடு. மச்சானின் தோளிலேயே சின்ன வயசில் காமாலைக்குப் போட்ட சூடு நிலாப் பிறை மாதிரி கிடக்கும். காய்ச்சிய கம்பியை அந்த நாயின் இடுப்பில் வைப்பதை நான் நின்று பார்க்கவேண்டும், அதன் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியவனும் நானாகவே இருப்பேன். நினைத்தபோதே என் இடுப்பு சுட்டது. சாயங்காலத்துக்குள் நானே இதைக் குணமாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். அன்று நடந்த அத்தனைக்கும் காரணம் என்னுடைய அந்த நல்ல எண்ணந்தான்.

நொண்டும் நாய்க்கு முள் பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். செவலையைப் படுக்கவைத்து, பின்னங்காலை மடியில் எடுத்து, உள்ளங்காலைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விரலடி மெத்தை ஒவ்வொன்றாக அமுக்கினேன். அது பேசாமல் படுத்திருந்தது. விரல்களைப் பிரித்துக் கொஞ்சம் மேலே அமுக்கினேன். அவ்வளவுதான், திரும்பி என் கையைக் கவ்விவிட்டது. கவ்விய உடனே விட்டும்விட்டது. விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பெருவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளி. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு ரத்தம்.

புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்? அமுக்கிய இடத்தில் வலி இருக்கிறது, ஆகவே கடித்தது, ஆகவே முள் அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பான். நான் படித்தவன். என் புத்தி அதற்கும் அப்பால் போயிற்று. ஆறு வருஷமாக எங்களிடம் இருக்கிற நாய், ஒரு குட்டியாட்டின் மேல்கூடப் பல் படவைக்காத நாய், என்னைக் கடித்துவிட்டது. காரணமில்லாமல் கடிக்கிற நாய் எது? வெறிநாய். வெறிநாய்க்கு முதலில் எது போகும்? பின்னங்கால். இதை யாரிடம் கேட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் சத்தியவாக்காகத் தெரிந்தது.

எருக்கஞ்செடி தேடிப் பால் வடித்துக் கடிவாயில் விட்டேன். எரிந்தது. சுண்ணாம்பு அப்பினேன். இன்னும் எரிந்தது. பிறகு என்னை நானே பரிசோதித்தேன். வெறிகண்டவன் தண்ணீரைக் கண்டால் மிரளுவான். கஞ்சிக்கலயத்தில் இருந்த நீராகாரத்தைக் குடித்துப் பார்த்தேன், இறங்கியது. கால்மணி கழித்து மறுபடி குடித்தேன், இறங்கியது. மூன்றாவது தடவை தொண்டையில் ஏதோ அடைப்பது போலிருந்தது. வயிற்றில் இடமில்லாததால் அடைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. செவலையை ஒரு கருவேல மரத்தில் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினேன்.

நாங்கள் கிடை போட்டிருந்த வயலின் சொந்தக்காரர் நாலும் தெரிந்தவர், நிதானமானவர். நீலகிரி மலைமேலே நாய்க்கடிக்கு வயிற்றில் ஊசி போடுகிறார்களாமே, எத்தனை நாளைக்குள் போய்ச் சேரவேண்டும் என்று அவரிடம் கேட்கப் போனேன். அதை மட்டும் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்டார். நாய் எப்படி நடக்கிறது என்றார். காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது என்றேன். வாயில் நுரை உண்டா என்றார். சித்திரை வெயிலில் எந்த நாய்க்குத்தான் வாயில் நீர் வடியாது? உண்டு என்றேன். யாரையாவது கடித்ததா என்றார். சுண்ணாம்பு அப்பிய கையை நீட்டினேன். அது தண்ணீர் குடித்ததை எப்போதாவது பார்த்தீரா என்று நாலாவதாக ஒன்றும் கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றுதான் நான் அன்று சொன்ன உண்மை. அது எங்கே, எப்போது, எப்படிக் குடிக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதெல்லாம் மச்சான் இலாகா.

அவர் என்னை உட்காரச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய் யாரையோ எங்கேயோ அனுப்பினார். எனக்காக வண்டி கட்டச் சொல்லுகிறார் என்று நினைத்து மனம் குளிர்ந்தேன்.

வந்தது வண்டியல்ல, ஊர்க்காவல் தலையாரி. ஒல்லியான மனிதர், ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பூண் போட்ட கம்பு. மற்றக் கையில் வழியில் வாங்கிய பதநீர், பனையோலைப் பட்டையில். ஒரு வாய் குடித்துவிட்டு, நாய் எங்கே கிடக்கிறது என்று கேட்டார். கம்பையும் பட்டையையும் பிடித்திருந்த விதத்தில் அவருக்கு இரண்டும் ஒரே மாதிரிச் சின்ன விஷயம் என்று தெரிந்தது.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. ஊரில் வெறிநாய் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அந்த நாய் சாயங்காலம் வரை உயிரோடிருக்காது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்து ஊர் நடுவில் போட்டது வேறு யாருமல்ல. சூட்டுக்கோலிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டவன் தடிக்கம்பைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

நான் குழறினேன். இழுக்கவில்லை, தூக்குகிறது என்றேன். நுரையில்லை, வெறும் எச்சில் என்றேன். விரலை அமுக்கினேன், அதனால் கடித்தது, நான் அமுக்கினால் யார்தான் கடிக்கமாட்டார்கள் என்றேன். அரைமணிக்கு முன்னால் ஒன்று சொல்லி இப்போது வேறொன்று சொல்லுகிறவன் பேச்சை எந்த வயல்காரர் நம்புவார்? ஊரில் குழந்தைகுட்டிகள் இருக்கின்றன என்றார் அவர். நியாயந்தான். ஆனாலும் இரக்கமில்லாதவரல்ல. ஒரு வழி சொன்னார்.

"ஆத்துக்குக் கூட்டிட்டு வாரும்வே. நாலு பேரு பாக்க, தண்ணி குடிச்சா நாய் உம்மது. குடிக்கலைன்னா தலையாரி பாத்துக்கிடுவாரு. அப்புறம் எங்கிட்ட வந்து பேசப்படாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? தண்ணீர் குடிப்பதும் ஒரு பரீட்சையா, காலையிலிருந்து நானே நாலு தடவை தேறியிருக்கிறேனே என்று எனக்குள் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வயலிலிருந்து ஆற்றங்கரை கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால், செவலை மூன்று காலில் பின்னால், பத்தடி தள்ளித் தலையாரியும் வயல்காரரும், அவர்களுக்கும் பின்னால் ஊரில் அன்று வேலையில்லாத அத்தனை பேரும். வெயில் ஏறிவிட்டது. செவலை நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தது. உட்காரும்போதெல்லாம் பின்னால் வந்த கூட்டம் பொசுக்கென்று நின்றது. யாரோ, பாத்தியா உக்காந்திட்டு, என்றார்கள். பின்னங்கால் மட்டும் மடங்கித் தொங்கியது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இழுத்தால் வெறி, தூக்கினால் வெறும் வலி. இழுக்கிறதா, தூக்குகிறதா? பயந்தவன் கண்ணுக்கு ஒரு நிமிஷம் தூக்குவது போலிருக்கும், மறு நிமிஷம் இழுப்பது போலிருக்கும். மச்சானின் கண்ணைக் கடன் வாங்க முடிந்தால் அதற்கு ஈடாக என் நாக்கைக் கொடுத்துவிடத் தயாராயிருந்தேன்.

ஆற்றில் கோடைத் தண்ணீர். முழங்காலுக்கு மேல் இல்லை. கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் பாய்க்குக் கோரை அறுக்கிற பெண்கள் நாலைந்து பேர் அரிவாளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். தலையாரி பட்டையில் மிச்சமிருந்த பதநீரைக் குடித்துவிட்டு அதை மணலில் போட்டார். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

நான் கயிற்றை நீளமாக விட்டேன். செவலை ஈரமணல் வரைக்கும் போயிற்று. நின்றது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தது. நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது, தாகம் என்று தெரிந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. ஓரடி பின்வாங்கியது.

"குடிக்கல" என்றார் தலையாரி.

இரும், இரும் என்றேன். கையில் தண்ணீரை அள்ளி அதன் மூக்குக்கு நேரே காட்டினேன். பாதி வழியில் ஒழுகிவிட்டது. இன்னொரு கை அள்ளி முகத்தில் தெளித்தேன். அது தலையை உதறி உர்ரென்றது. கூட்டம் ஐந்தடி பின்னால் போயிற்று. தலையாரி மட்டும் இரண்டடி முன்னால் வந்தார்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளையல்லவா, அந்த நேரத்திலும் பாடம் நடத்தத்தான் தோன்றியது. ஆற்றுக்குள் இறங்கிக் காட்டினால் நாயும் இறங்கும் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். வா, வா, பயமில்லை பார் என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். பாசி பிடித்த கல் ஒன்று காலில் தட்டுப்பட்டது. முழங்கால் தண்ணீரில் ஒரு மனிதன் முழுசாக முங்கமுடியும் என்பதை அன்று ஊரார் பார்த்தார்கள். எழுந்தபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமல் அடங்காமல், கண் இரண்டும் பிதுங்க நின்றேன்.

கடிபட்ட ஆளும் தண்ணியைக் கண்டு மிரளுதாருல்லா, என்று கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கோரை அறுத்துக்கொண்டிருந்தவர்களில் வயதான ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்:

"ஏ யண்ணே, அந்த வாயில்லாச் சீவனுக்கு ஒண்ணுமில்ல. அந்தா ஆத்துக்குள்ள முழிச்சுக்கிட்டு நிக்காரே, அவரைப் பிடிச்சுக் கட்டுங்க முதல்ல."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். வயல்காரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வே, நீரு குடியும் பாப்போம்" என்றார்.

நான் கரையேறினேன். இனிமேல் என் வெறிக்கும் சாட்சி வேண்டும். கையில் அள்ளினால் பாதி வழியில் ஒழுகிவிடும், ஒழுகினால் அதுவும் ஒரு குற்றமாகப் போகும். மணலில் கிடந்த பதநீர்ப் பட்டை கண்ணில் பட்டது. அதை எடுத்துப் பிரித்தேன். வெயிலில் காயத் தொடங்கியிருந்த ஓலை சலசலவென்று சத்தம் போட்டது. ஆற்றில் முக்கி நிறைய மோந்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தி, வாய்க்குக் கொண்டுபோனேன்.

கயிறு இழுபட்டது.

பார்த்தால் செவலை. மடித்திருந்த காது நிமிர்ந்திருந்தது. மூன்று காலில் மணலைத் தத்திக்கொண்டு, தலையாரியின் கம்பு என்று ஒன்று உலகத்தில் இல்லாதது போல அவர் காலை உரசிக்கொண்டு, நேரே என்னிடம் வந்தது. என் கையிலிருந்த பட்டைக்குள் மூக்கை விட்டது. சளக் சளக்கென்று குடித்தது. பட்டை காலியானது. காலியான ஓலையை நக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. மறுபடி மோந்தேன், குடித்தது. மறுபடி மோந்தேன், அதையும் குடித்தது. நாலாவது பட்டையை நான் குடித்தேனா, அது குடித்ததா என்று நினைவில்லை. ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் பனங்காட்டில் தண்ணீர் ஓடாது. எங்கேயோ ஆழத்தில், கிணற்றுக்குள் கிடக்கும். பனையோலைப் பட்டையைக் கயிற்றில் விட்டு இறைத்து, அதே பட்டையில்தான் மனிதனும் குடிப்பான், ஆடும் குடிக்கும், நாயும் குடிக்கும். செவலை பிறந்தது முதல் அதற்குத் தண்ணீர் என்றால் ஓலைச் சத்தந்தான். ஓடுகிற ஆறு அதற்கு நகர்ந்துபோகிற ஏதோ ஒரு பெரிய பிராணி. வடக்கே வரும்போதெல்லாம் மச்சான் ஓலைப் பட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போவதும், மத்தியானம் வாய்க்காலில் மோந்து அதற்கு ஊற்றுவதும் எனக்கு அன்று சாயங்காலந்தான் தெரியும். ஆற்றங்கரைக்காரர்கள் ஆற்றங்கரை நாய்க்கு வைக்கிற பரீட்சையை வைத்தார்கள். நான் பனங்காட்டு மாப்பிள்ளை, எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தண்ணீர் குடித்தால் வெறியில்லை என்பதே சரியான பரீட்சை அல்ல என்று ரொம்ப காலம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். நல்லவேளை, அவர் அன்று ஆற்றங்கரையில் இல்லை.

தலையாரி கம்பைத் தாழ்த்தினார். மூக்கை உறிஞ்சினார்.

"அது என் பட்டைவே" என்றார்.

கூட்டம் சிரித்தது. வயல்காரரும் சிரித்துவிட்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று கோரைக்காரப் பெண்கள் பின்னால் ஊரெல்லாம் சொன்னார்களாம். ஆற்றில் முங்கி எழுந்தவன் முகத்தில் எது ஆற்றுத் தண்ணீர், எது வேறு தண்ணீர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் காரியம் முடியவில்லை. வெறியில்லை என்றால் பிறகு ஏன் நொண்டுகிறது என்று வயல்காரர் கேட்டார். முள் என்றேன். பார்த்தீரா என்றார். உள்ளங்கால் முழுதும் பார்த்தேன், இல்லை என்றேன். தலையாரி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கம்பை மணலில் படுக்கவைத்தார். நாய் எந்த இடத்தைத் தொட்டபோது கடித்தது என்று கேட்டார். காட்டினேன். ஒரு சின்னப்பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

என் தலைத்துண்டைப் பிழிந்து செவலையின் வாயைச் சுற்றிக் கட்டினோம். நான் தலையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அது நடுங்கியது. இரண்டு பேரில் யார் அதிகம் நடுங்கினோம் என்று சொல்லமாட்டேன். தலையாரி நடு விரல் இரண்டையும் பிரித்து, மயிரை எச்சில் தொட்டு ஒதுக்கினார். மேல்பக்கம், இரண்டு விரலுக்கும் நடுவே, வேப்பங்கொட்டை அளவுக்குச் சிவந்து பளபளவென்று ஒரு வீக்கம். முள் ஏறினது கீழே. ஏறின வாய் மூடி, மேல்தோல் வளர்ந்து, அது பைய நடந்து நடந்து இந்தப் பக்கம் தலைகாட்ட வந்திருக்கிறது. முள் போன பாதையை நான் தேடினேன். அது வந்து சேர்ந்த இடத்தைத் தேடவில்லை.

தலையாரி அரைஞாண் கயிற்றிலிருந்து முள்வாங்கியை அவிழ்த்தார். வீக்கத்தின் நுனியைக் கீறினார். சீழ் வந்தது. செவலை என் பிடிக்குள் ஒரு திமிறு திமிறியது. பைய, பைய என்று அவர் அதனிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா தெரியாது. முள்வாங்கியை உள்ளே விட்டார். ஒரு தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் உள்ளங்கையில் அது கிடந்தது. ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் பக்கத்து உடைமரத்து முள், வெள்ளை நிறம் போய் மஞ்சளாகியிருந்தது. ஆற்றங்கரையில் உடைமரம் கிடையாது. பங்குனியில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோதே இந்த முள்ளையும் காலுக்குள் வைத்துக்கொண்டுதான் செவலை முப்பது மைல் நடந்திருக்கிறது. ஒரு மாதம் கிடையைச் சுற்றியிருக்கிறது. இனிமேல் முடியாது என்றபோது ஒரு காலைத் தூக்கியது. நான் இரண்டு புள்ளிக் கடிக்கு ஒரு ஊரையே கூட்டிவிட்டேன்.

தலையாரி ஆற்றுத் தண்ணீரால் புண்ணைக் கழுவினார். கோரைக்காரப் பெண் ஒருத்தி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைக்கச் சொன்னாள். ஆனாலும் பத்து நாள் நாயைக் கட்டியே வைக்கவேண்டும், ஊருக்குள் விடக்கூடாது என்று வயல்காரர் கண்டிப்பாகச் சொன்னார். அதற்கு மட்டும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்குள்ளேயும் ஒருவன் பத்து நாள் எண்ணவேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். பத்து என்ன, அதற்கப்புறம் நாற்பது நாள் வரைக்கும் நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. தொண்டையில் இறங்கும் ஒவ்வொரு வாய்க்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். பக்தி முற்றிவிட்டது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள்.

பொழுது சாய மச்சான் ஆடுகளோடு வந்தார். சூட்டுக்குக் கம்பி காய்ச்ச வறட்டி வேறு பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். செவலையின் கால்கட்டைப் பார்த்தார். முள்ளைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு எறிந்தார். கட்டை அவிழ்த்து, அமுக்கி, முகர்ந்து, மறுபடி கட்டினார். நடந்ததை நான் சொன்னேன். கொஞ்சம் செப்பனிட்டுச் சொன்னேன். ஊரார் வெறிநாய் என்று கிளம்பிவிட்டதாகவும், நான் ஆற்றில் குதித்துக் காப்பாற்றியதாகவும் என் கதை அமைந்திருந்தது. மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"தலையாரிகிட்ட வெறின்னு சொன்னது யாரு?"

"ஊருல யாரோ சொல்லியிருக்கான் மச்சான்."

அவர் படலை இழுத்து வாசலைச் சரிசெய்தார். ஆடுகளை உள்ளே விட்டார். கயிற்றில் கட்டிக் கிடந்த செவலை எழுந்திருக்கப் பார்த்தது. படு என்றார், படுத்தது.

"நாலஞ்சு நாளைக்கு இதால ஓடமுடியாது. அந்த யாரோ வாசல்ல படுக்கட்டும்."

படுத்தேன். வேறென்ன செய்ய? நாய் படுக்கிற இடத்தில் சாக்கை விரித்து, பக்கத்தில் ஒரு கம்பை வைத்துக்கொண்டு படுத்தேன். நரி ஊளையிட்டால் எழுந்து கிடையை ஒரு சுற்று சுற்றிவரவேண்டும். சுற்றினேன். ஆடுகளுக்கு என்மேல் மரியாதை ஏற்படவில்லை. ஒரு கிடா இரண்டாம் நாளே என்னைத் தாண்டி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மரத்தடியில் கட்டிக் கிடந்த செவலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டது. கோயிலில் நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் சபையார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் அந்த வாரம் வந்து பார்த்திருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் வெயில் தாழ்கிற நேரம். மச்சான் கயிற்றை நீளமாகக் கட்டியிருந்தார், வாசல்வரை வருகிற நீளம். வேண்டுமென்றே கட்டினாரா என்று கேட்டால் அவர் பதில் சொல்லப்போவதில்லை. நான் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். செவலை எழுந்தது. மூன்று காலை ஊன்றி நின்றது. பிறகு நாலாவதைப் பைய இறக்கி, மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஊன்றியது. நாலு காலில் நடந்து வந்தது, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான். என் சாக்குக்கு முன்னால் வந்து நின்றது.

நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ஆடுகளைப் பார்த்துக்கொண்டு, அப்படியே நின்றது.

சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்து இடம் விட்டேன்.